வாத்தியாரைக் கேளுங்கள்: மணலில் பல்டி, பனியில் பல்டி

(ராமநாதபுரம் கடற்கரைப் பள்ளி ஒன்றில் 31 ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் பதில் சொல்கிறார்.)

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி முழங்கால் கடிதங்கள். அதனால் சர்க்கரை, மூச்சிரைப்பு, தொப்பை பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள். தொப்பை எங்கும் போய்விடாது.

கேள்வி: என் மகனுக்குப் பதினேழு வயது. வெளிநாட்டுப் பிள்ளைகள் காலில் நீளக் கட்டையை மாட்டிக்கொண்டு பனியில் சறுக்கி, வானத்தில் பல்டி அடிக்கிற வீடியோவை ராத்திரி பகலாகப் பார்க்கிறான். போன ஞாயிறு கூட்டாளிகளோடு அரியமான் கடற்கரைக்குப் போய், மணல்மேட்டிலிருந்து அதே மாதிரி அடித்திருக்கிறான். இறங்கும்போது முழங்காலுக்குள் 'டொப்' என்று சத்தம் கேட்டதாம். அன்று ராத்திரிக்குள் முழங்கால் பனங்காய் போல வீங்கிவிட்டது. எக்ஸ்ரே எடுத்ததில் எலும்பில் ஒன்றுமில்லை என்றார்கள். எண்ணெய்க்கட்டு போடலாமா? அவன் அப்பாவிடம் வழுக்கி விழுந்தான் என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன்.
— ஒரு தாய், தங்கச்சிமடம்

முதலில் அவன் அப்பாவிடம் உள்ளதைச் சொல்லிவிடுங்கள் தாயி. இது நான்கு நாளில் சரியாகி மறைந்துவிடுகிற அடி மாதிரித் தெரியவில்லை.

டொப் என்ற சத்தம், அன்றைக்கே வந்த வீக்கம், எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லாதது. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் முழங்காலுக்குள் இருக்கும் ஜவ்வைச் சந்தேகப்பட வேண்டும். டாக்டர்கள் ஏ.சி.எல். என்பார்கள். தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் உள்ளே குறுக்காக இழுத்துக் கட்டியிருக்கும் கயிறு அது. அறுந்தால் மூட்டுக்குள் ரத்தம் கசியும், அதனால்தான் சில மணி நேரத்தில் அவ்வளவு வீக்கம். எக்ஸ்ரே எலும்பைத்தான் காட்டும், ஜவ்வைக் காட்டாது. 'எக்ஸ்ரே நல்லாயிருக்கு' என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டு, ஆறு மாதம் கழித்து கால் மடங்கி விழுந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். எலும்பு மூட்டு டாக்டரிடம் கூட்டிப் போங்கள். அவர் முழங்காலை லேசாக மடக்கிவைத்து, கீழ்க்காலை முன்பக்கம் இழுத்துப் பார்ப்பார். கை பழகிய டாக்டருக்கு அதிலேயே பாதி தெரிந்துவிடும். மீதிக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார்.

அதுவரை எண்ணெய் போட்டு நீவுவதும், வெந்நீர் ஒத்தடமும், இழுத்துக் கட்டுவதும் வேண்டாம். காலைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்கள். ஐஸ் ஒத்தடம் ஒரு தடவைக்கு 15 நிமிடம் போதும். இங்கே ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் ஊரில் ஐஸுக்குப் பஞ்சமில்லை. மீன் பெட்டியில் கிடக்கும் ஐஸை அப்படியே தோலில் வைத்துவிடாதீர்கள். உப்பு கலந்த ஐஸ் சாதாரண ஐஸைவிடக் குளிர்ந்திருக்கும், தோல் வெந்ததுபோல் ஆகிவிடும். சுத்தமான ஐஸைத் துண்டில் சுற்றி வையுங்கள்.

சரி, பையனைத் திட்டுவதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்.

1983-ல் எனக்கு 22 வயது. உடற்கல்விக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். லீவுக்கு ஊருக்கு வந்தவன், கரையில் ஏற்றி வைத்திருந்த வள்ளத்தின் அணியத்தில், அதாவது முன்முனையில், ஏறி நின்று மணலில் பல்டி அடித்துக் காட்டினேன். சுற்றிலும் சேக்காளிகள். ஒன்று, இரண்டு என்று ஆறு பல்டி சுத்தமாக வந்தது. வெயில் சாய்ந்துவிட்டது, தொடை நடுங்க ஆரம்பித்துவிட்டது. 'கடைசியா ஒண்ணு' என்றேன். ஏழாவது பல்டியில் வலது பாதம் கணுக்கால்வரை மணலில் புதைந்தது. உடம்பு இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. பாதம் திரும்ப மறுத்தது. இரண்டுக்கும் நடுவில் இருந்தது முழங்கால். சுள்ளி ஒடிந்த சத்தம் எனக்கே கேட்டது.

நாற்பது நாள் கட்டு. வீக்கம் வற்றியது, நானும் நடந்தேன், எல்லாம் சரியாகிவிட்டது என்றார்கள். பிறகு பள்ளி மைதானத்தில் திரும்பி நின்று விசில் ஊதும்போதெல்லாம் கால் 'நழுவும்'. அப்படி நழுவி நழுவியே சில வருடங்களில் உள்ளே இருக்கும் பஞ்சு ஜவ்வும் கிழிந்தது. பல வருடம் மணலைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். மணல் ஆறு தடவை என்னை ஒழுங்காகத் தாங்கியிருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வெகுநாள் ஆயிற்று.

பனியிலும் இதே கதைதான். பனிச்சறுக்கு வீரர்களின் பூட்ஸ் கல் போன்றது, கணுக்காலை அசையவிடாது. அதன் கீழே ஆள் உயரத்துக்குக் கட்டை. இறங்கும்போது பாரம் பின்பக்கம் சாய்ந்து, கட்டையின் வால் பனியில் மாட்டினால், அந்த நீளம் முழுவதும் நெம்புகோலாகி முழங்காலை முறுக்கும். எங்கள் ஊரில் பூட்ஸும் கட்டையும் செய்கிற வேலையை ஈர மணல் செய்தது, அவ்வளவுதான். இப்படித் தாவிப் பல்டி அடிக்கிற 'ஃப்ரீஸ்டைல்' பனிச்சறுக்கில் அதிகம் அடிபடுகிற உறுப்பு எது என்று கணக்கெடுத்தவர்கள் முதலில் எழுதுவது முழங்காலைத்தான்.

கேள்வி: சார், எங்கம்மா உங்களுக்கு எழுதியது எனக்குத் தெரியும். நீங்கள் சொன்னதுதான், ஜவ்வு அறுந்திருக்கிறதாம். ஆபரேஷன் பண்ணினால் எத்தனை மாதத்தில் மறுபடி பல்டி அடிக்கலாம்?
— அதே வீடு, வேறு கையெழுத்து

தம்பி, நீ கேட்டதில் ஒரு கேள்வி குறைகிறது. ஆபரேஷன் வேண்டுமா என்பதையே முதலில் கேட்க வேண்டும். வெறுமனே நடந்து, சைக்கிள் ஓட்டி, கடையில் உட்கார்கிறவர்களில் பலர் தொடைத் தசையைப் பலப்படுத்தியே சமாளித்துவிடுகிறார்கள். நீ பல்டி அடிக்க வேண்டும் என்கிறாய், அதோடு அப்பாவோடு கடலுக்கும் போகிற பையன். ஆடுகிற வள்ளத்தில் நின்று வலை இழுக்கிறவனுக்கு முழங்கால் நழுவினால் அது பல்டியைவிடப் பெரிய ஆபத்து. இதை டாக்டரிடம் சொல். 'படிக்கிறான்' என்று மட்டும் உங்கள் அம்மா சொல்லியிருப்பார்.

ஆபரேஷன் ஆனால் ஒன்பது மாதத்துக்கு முன்னால் குதிக்கிற பேச்சே வேண்டாம். அவசரப்பட்டுத் திரும்புகிறவர்களுக்கு மறுபடி அறுந்துபோகும் வாய்ப்பு அதிகம் என்று ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். ஒன்பது மாதம் முடிந்தாலும் நாள்காட்டியை நம்பாதே. ஒற்றைக் காலில் எவ்வளவு தூரம் தாவுகிறாய் என்று அளந்து பார். அடிபட்ட கால், நல்ல காலின் தாவலில் பத்தில் ஒன்பது பங்காவது எட்ட வேண்டும். தையல்காரர் டேப்பால் இரண்டு தொடையையும் அளந்து எழுதி வை. என் வலது தொடை இன்றைக்கும் இடதைவிட மெலிசு.

நீ வீடியோ பார்க்கிறவன் என்பதால் ஒருவரைச் சொல்கிறேன். லிடியா லாசிலா, ஆஸ்திரேலியாக்காரர். சின்ன வயதில் ஜிம்னாஸ்டிக்ஸ், பிறகு 'ஏரியல்ஸ்' என்னும் வான்பல்டிப் போட்டி. 2006 துரின் ஒலிம்பிக்கில் இறங்கும்போது முழங்கால் ஜவ்வு போய்விட்டது. 2010 வான்கூவரில் அதே விளையாட்டில் தங்கம். நடுவில் நான்கு வருடம் இருக்கிறது பார். வீடியோவில் அந்த நான்கு வருடம் வராது. சுவரில் முதுகைச் சாய்த்து அரை உட்காரலில் நிற்பதை யார் படம் பிடித்துப் போடுவார்கள்?

கேள்வி: பனியில் நடக்கிற வான்பல்டிப் போட்டியில் ஐந்து மாடி உயரத்துக்குப் பறந்து, மூன்று பல்டி அடித்து இறங்குகிறார்கள். பெரும்பாலும் எழுந்து கைகாட்டிக்கொண்டு போகிறார்கள். நாம் இரண்டு மீட்டர் மேட்டிலிருந்து குதித்தால் கால் உடைகிறது. இது எப்படி?
— ஒரு கல்லூரி மாணவர், கீழக்கரை

நல்ல கேள்வி. இயற்பியல் வாத்தியாரிடம் கேட்டிருக்க வேண்டியது, நான் மைதானத்து பாஷையில் சொல்கிறேன்.

காயம் உயரத்தில் இல்லை, நிற்கிற விதத்தில் இருக்கிறது. இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து குதித்தால் தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 22 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். அந்த வேகத்தைப் பத்து சென்டிமீட்டரில் நிறுத்தினால் கால் வாங்குகிற அடி, நாற்பது சென்டிமீட்டரில் நிறுத்தினால் வாங்குவதைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு. முழங்காலை மடக்கி இறங்கு என்று நாங்கள் கத்துவது இதற்குத்தான்.

பனியில் இன்னொரு தந்திரம் உண்டு. வான்பல்டிக்காரர்கள் சமதரையில் இறங்குவதே இல்லை. இறங்கும் இடம் சுமார் 38 டிகிரிச் சரிவு. கீழே வருகிறவரின் பாதையும் சரிவும் ஏறக்குறைய ஒரே பக்கம் பார்ப்பதால், வேகம் அப்படியே சறுக்கலாக மாறிப்போகிறது. காலுக்குக் கிடைப்பது மிச்சம்தான். உச்சியிலிருந்து பனங்காய் சமதரையில் விழுந்தால் 'தொப்' என்று பிளக்கும். அதே காய் மணல்சரிவில் விழுந்தால் உருண்டு போய் வேலியில் நிற்கும். அதோடு அந்தச் சரிவின் பனியை முன்கூட்டியே மண்வெட்டியால் கொத்திக் கொத்தி மெதுவாக்கி வைப்பார்கள். அதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். சரிவைத் தாண்டிச் சமதரையில் போய் விழுந்தவர்தான் எழுந்திருக்கச் சிரமப்படுவார்.

அரியமான் பையன்கள் செய்ததை நேரில் போய்ப் பார்த்தேன். சவுக்குத் தோப்பு ஓரத்தில் மேடு, அதற்குக் கீழே அலை நனைத்து இறுகிய சமதரை. மேட்டின் சரிவிலேயே இறங்கியிருந்தால் பாதி பேருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் சமதரையில் இறங்கினால்தான் வீடியோவில் எடுப்பாகத் தெரியுமாம்.

கேள்வி: உயிருக்கே உலை வைக்கிற இந்தப் பனிப் பல்டி விளையாட்டை ஒலிம்பிக்கில் வைத்திருக்கிறார்களே, இதற்குச் சட்டதிட்டம் எதுவும் கிடையாதா?
— ஒரு ஆட்டோ ஓட்டுநர், ராமேஸ்வரம்

உண்டு. சட்டங்கள் அடிபட்டபிறகு எழுதப்பட்டவை, உங்கள் சாலை விதிகள் மாதிரி.

1970-களில் அமெரிக்காவில் இந்த ஃப்ரீஸ்டைல் பனிச்சறுக்கு ஏறக்குறைய திருவிழா வேடிக்கையாக இருந்தது. யார் எவ்வளவு பைத்தியக்காரத்தனமாகத் தாவுகிறாரோ அவருக்குக் கைதட்டல். முதுகுத்தண்டு உடைந்து படுத்தவர்களும், அதைத் தொடர்ந்து வழக்குகளும் வந்தபிறகு, பல இடங்களில் தலைகீழ்த் தாவலையே தடை செய்தார்கள். 1979-ல் சர்வதேச பனிச்சறுக்குக் கூட்டமைப்பு இதை முறையான விளையாட்டாக ஏற்றுக்கொண்டபோது, எந்தத் தாவலை யார் செய்யலாம், அதற்கு முன்னால் என்ன தகுதி காட்ட வேண்டும் என்று விதி வைத்தது. மேடுபள்ளச் சறுக்கு 1992-லும், வான்பல்டி 1994-லும் ஒலிம்பிக் பதக்கப் போட்டிகள் ஆயின.

எனக்குப் பிடித்தது அவர்கள் பழகுகிற விதம். கோடைக்காலத்தில் பனி இருக்காது. அப்போது சரிவான மேடை கட்டி, பூட்ஸ், கட்டை, ஹெல்மெட், மிதவை உடுப்பு எல்லாம் மாட்டிக்கொண்டு தண்ணீர்க் குளத்துக்குள் பல்டி அடிப்பார்கள். குளத்தின் அடியிலிருந்து காற்றுக் குமிழிகளை விட்டுத் தண்ணீரை இன்னும் மெதுவாக்குவார்கள். தண்ணீரில் திரும்பத் திரும்பச் சரியாக வந்தபிறகுதான் பயிற்சியாளர் பனிக்கு அனுப்புவார். இதைப் படித்த வருடம் நான் பள்ளியில் குழி வெட்டித் தேங்காய்நாரும் பழைய மீன்வலையும் போட்டு மெத்தை செய்தேன். முதல் நாளே ஒரு பையனின் கால்விரல் வலைக்கண்ணில் மாட்டிச் சுளுக்கிக்கொண்டது. அப்புறம் மேலே தார்ப்பாய் விரித்துக் கட்டினோம். அது ஆறு வருடம் உழைத்தது.

இவ்வளவு இருந்தும் ஆபத்து போய்விடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். கனடாவின் சாரா பர்க், பாதி வெட்டிய குழாய் போன்ற பனிச்சுவர்களில் தாவும் 'ஹாஃப்பைப்' விளையாட்டைப் பெண்களுக்காக ஒலிம்பிக்கில் சேர்க்கப் போராடியவர். 2012 ஜனவரி 10 அன்று யூட்டாவின் பார்க் சிட்டியில் பயிற்சியின்போது தாவி இறங்கியவர் நிலை தடுமாறி விழுந்தார். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கழுத்து நாளம் கிழிந்தது. ஒன்பது நாள் கழித்து இறந்தார், வயது 29. அவர் கேட்ட விளையாட்டு 2014 சோச்சி ஒலிம்பிக்கில் வந்தது. அதே சோச்சியில், பல பேர் ஒன்றாகப் பந்தயம் ஓடும் 'ஸ்கி கிராஸ்' பயிற்சியில் ரஷ்யாவின் மரியா கோமிசரோவாவுக்கு முதுகெலும்பு உடைந்தது.

வைத்திருக்கலாமா கூடாதா என்று என்னைக் கேட்டால், வைத்திருக்கலாம் என்பேன். நம் ஊரில் 17 வயதுப் பையன் ஹெல்மெட் இல்லாமல் பாம்பன் பாலத்தில் பைக்கைத் தூக்கி ஓட்டுகிறான். அவனுக்கு எந்தப் பயிற்சியாளர் அனுமதி கொடுத்தார்?

கேள்வி: நான் காற்றாடிச் சறுக்கு கற்றுக்கொடுக்கிற இடத்தில் உதவியாளாக இருக்கிறேன். காற்றாடி இழுக்க, பலகையில் நின்று மேலே எழும்பிச் சுற்றுவேன். இது தண்ணீர்தானே சார், அடிபட வாய்ப்புக் குறைவுதானே?
— ஒரு இளைஞர், மண்டபம்

தண்ணீர் எவ்வளவு ஆழம் தம்பி? அதுதான் விஷயம். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றில் பெண்கடல் (பாக் நீரிணை) பக்கமும், வாடை என்கிற வடகிழக்குக் காற்றில் ஆண்கடல் (மன்னார் வளைகுடா) பக்கமும் குளம் மாதிரி கிடக்கும், தட்டையான தண்ணீர், பழக அருமை. ஆனால் நம் கரையோரத்தில் வெகுதூரம் முழங்கால் ஆழம்தான். அடியில் சில இடத்தில் மணல், சில இடத்தில் பார், அதாவது பாறைத்திட்டு. மேலே போகும்போது காற்று உன்னுடையது, திடீரென்று அது செத்துவிட்டால் நீ விழுவது தண்ணீரில் இல்லை, தண்ணீர் பூசிய தரையில். பாதம் வேறு பலகையின் பட்டைக்குள் மாட்டியிருக்கும். மேலே முழங்கால் பற்றி எழுதியதை மறுபடி படி.

இடுப்புக்கு மேல் தண்ணீர் உள்ள இடத்தில், கரையை விட்டு விலகி மட்டும் எழும்பு. ஆழத்தை நேற்றைய ஞாபகத்தில் கணக்கிடாதே. ஏற்றவற்றம் ஒரு பக்கம், இடம் மாறும் மணல்திட்டு இன்னொரு பக்கம். ஒரு கம்பை ஊன்றிப் பார்க்க அரை நிமிடம் ஆகுமா?

தலைகுப்புற விழுந்து ஒருவன் அசையாமல் மிதந்தால், கைகால் மரத்துவிட்டது என்று சொன்னால், ஆளுக்கொரு கை கால் பிடித்துத் தூக்கி வராதீர்கள். கழுத்தில் முறிவு இருந்தால் அந்தத் தூக்கலே ஆயுளுக்கும் படுக்க வைத்துவிடும். முகத்தை மேலே திருப்பி, தலையும் கழுத்தும் உடம்பும் ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி தண்ணீரிலேயே தாங்கி வையுங்கள். மூச்சு இருக்கிறதா என்று பாருங்கள், 108-க்குப் போன் போடுங்கள். கரை ஏற்றத்தான் வேண்டும் என்றால் அகலப் பலகை ஒன்றை அடியில் கொடுத்து நாலு பேராக ஏற்றுங்கள். மூச்சு இல்லையென்றால் மட்டும் எதற்கும் காத்திருக்காமல் கரைக்குக் கொண்டு வந்து மூச்சுக் கொடுங்கள், அப்போது உயிர்தான் முதலில்.

தலையில் அடிபட்டவன் 'ஒண்ணுமில்லை' என்று எழுந்து உட்கார்ந்தாலும் அன்றைக்கு மறுபடி இறங்கக் கூடாது. வாந்தி, கூடிக்கொண்டே போகிற தலைவலி, கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்பது, அதிகத் தூக்கம். இதில் ஒன்று இருந்தாலும் ஆஸ்பத்திரி.

கேள்வி: இவ்வளவு விவரமாக எழுதுகிறீர்களே, நீங்கள் பனியைப் பார்த்ததுண்டா?
— ஒரு வாசகி, உச்சிப்புளி

மார்கழியில் வேப்பிலை நுனியில் நிற்குமே, அதைப் பார்த்திருக்கிறேன். மற்றபடி ஐஸ் கம்பெனியில் பாளத்தை மெஷினில் அரைத்து வள்ளத்துக்குக் கொட்டும்போது ஒரு தடவை அந்தக் குவியலில் ஏறி நின்றேன். இரண்டாவது நொடியில் வழுக்கி விழுந்தேன். பல்டி எல்லாம் அடிக்கவில்லை.

கேள்வி: அந்த 1983 முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது?
— பழைய மாணவன், தேவிபட்டினம்

வாடை எடுத்து மூன்று நாள் ஆகிறது. கேட்காதே.